பாட்டு வாத்தியாராகச் சேர்ந்திருக்கும் தம்பிக்கு

தாராபுரம் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஜூன் மாதம் பாட்டு வாத்தியாராகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தது இது. கோவை அரசு இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு படித்தவர். 1 முதல் 9 வரை 18 செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 40 பேர், வாரம் ஒரு பீரியட். கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசை ஆரம்பித்து நாலாவது வாரத்திலேயே பாதிப் பேர் பெஞ்சுக்கு அடியில் விளையாடுகிறார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வீட்டில் சாதகம் (சொந்தப் பாட்டுப் பயிற்சி) பண்ண முடியவில்லை. பரீட்சை வந்தால் மேத்ஸ் மிஸ் பீரியடை வாங்கிக்கொள்கிறார். ஆண்டு விழாவுக்கு "பிரமாதமா ஏதாவது பண்ணிருங்க சார்" என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். தொடரலாமா, விட்டுவிட்டு வீட்டிலேயே டியூஷன் எடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

தம்பி, நீங்கள் எழுதியதில் என்னைப் பயமுறுத்தியது தொண்டையைப் பற்றிய அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் இந்த வேலைக்கு வரும் எல்லாருக்கும் நடப்பது, எனக்கும் நடந்தது. நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் 26 வருஷமாகப் பாட்டு டீச்சர், முதல் ஐந்து வருஷம் தனியார் பள்ளி, அப்புறம் அரசு உதவி பெறும் பள்ளி. தொண்டைக்குப் பிறகு வருகிறேன், முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வருஷத்துக்குச் சுமார் 210 நாள் பள்ளி, அதாவது 42 வாரம். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு, ஸ்போர்ட்ஸ் டே, யாரோ வந்து பேசும் நாள், மேத்ஸ் மிஸ் வாங்கிக்கொள்ளும் நாள் எல்லாம் போனால் ஒரு வகுப்புக்கு உங்கள் கையில் நிற்பது 25 பீரியட். 40 நிமிஷம் என்றால் 1000 நிமிஷம், பதினாறே முக்கால் மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. கல்லூரியில் நீங்கள் ஒரு வாரத்தில் பாடியதே அதைவிட அதிகமாக இருக்கும். இந்தப் பதினாறு மணி நேரத்தைத்தான் ஒரு குழந்தைக்கு ஒரு வருஷத்துக்கு நீங்கள் தரப்போகிறீர்கள், அதுவும் நாற்பது பேரோடு சேர்த்து, ஏழு நாளைக்கு ஒரு தடவை.

சரளி வரிசை மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, நானும் அதில் வளர்ந்தவள்தான். ஆனால் புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லும் அந்த முறை தினமும் காலையில் குருவின் முன்னால் உட்காரும் பிள்ளைக்கானது. தினமும் பாடினால்தான் சரளி பாடும் ராகமான மாயாமாளவகௌளையின் ரிஷபம் (ரி) காதில் உட்காரும். வாரம் ஒரு தடவை "ஸரிகம" என்று பாடிவிட்டுப் போகும் பிள்ளைக்கு அது வாய்ப்பாடு மாதிரி ஒரு பாரம்தான். பெஞ்சுக்கு அடியில் போகாமல் என்ன செய்வார்கள்? அதனால் முதல் வருஷம் வகுப்புக்கு ஐந்து பாட்டு, நன்றாகப் பாட வரும்படி, அது போதும். மோகன ராகத்தில் இரண்டு வையுங்கள். ஐந்து ஸ்வரம்தான், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கும், நழுவி விழுந்தாலும் அசிங்கமாகக் கேட்காது. பாட்டு நன்றாக ஊறின பிறகு அதே பாட்டின் ஒரு வரியை எடுத்து, இதுதான் ஸ, இதுதான் ரி, இதுதான் க என்று காட்டினால், இவ்வளவு நாளும் தாங்கள் பாடிக்கொண்டிருந்தது இதுதானா என்று வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஐந்தாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் நிஜமாகவே ஆசைப்பட்டால் சாயந்தரம் நிறுத்தி வைத்துச் சரளி சொல்லிக் கொடுங்கள், அது வேறு கணக்கு.

பாட்டு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் புதிதாக வரும் எல்லாரும் செய்யும் ஒரு தப்பை நீங்களும் செய்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்: பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் பாடிக்கொண்டே இருப்பது. சேர்ந்து பாடினால் உங்கள் குரல்தான் உங்களுக்குக் கேட்கும், அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரியாது. அவர்களும் உங்கள் குரலில் சாய்ந்துகொள்வார்கள். நீங்கள் ஒரு வரி பாடுங்கள், வாயை மூடுங்கள், அவர்கள் பாடட்டும், நீங்கள் கேளுங்கள். எந்தப் பெஞ்ச் சுருதி விலகுகிறது, எந்தச் சொல்லை விழுங்குகிறார்கள் என்று அப்போதுதான் காதில் விழும். தொண்டைக்கும் பாதி ஓய்வு. இதை ஒரு வாரம் செய்து பாருங்கள், வேறு எதுவும் மாற்ற வேண்டாம்.

அப்புறம் சுருதி. நீங்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுகிறவராக இருப்பீர்கள். உங்கள் குரல் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்தாயி, அதாவது ஏழு ஸ்வரம், கீழே கேட்கிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை அப்படியே பிடிக்கப் பார்த்து அடித்தொண்டையில் உறுமுவார்கள், இல்லாவிட்டால் பேசுகிற குரலிலேயே கத்துவார்கள். கீபோர்டில் நடுவில் இருக்கும் ஒன்றாம் கட்டையிலிருந்து (C) அதற்கு மேல் ஸ்தாயியின் ஒன்றாம் கட்டை வரைக்கும்தான் அவர்களுக்கு வசதியான இடம், மேலே போனால் இன்னும் ஒரு ஸ்வரம். பாட்டின் ஆகக் கீழ் ஸ்வரமும் ஆக மேல் ஸ்வரமும் அதற்குள் அடங்குகிற மாதிரி சுருதியை வைத்துக்கொள்ளுங்கள், பாட்டுக்குப் பாட்டு மாறினாலும் பரவாயில்லை. முதல் வரியை உங்கள் குரலில் காட்டாமல் கீபோர்டில் வாசித்துக் காட்டலாம், அல்லது சுருதி நிற்கிற ஒரு பெண் குழந்தையை எழுப்பி அவளை முதலில் பாடச் சொல்லலாம். குழந்தை குரலைக் குழந்தைகள் உடனே பிடித்துக்கொள்ளும்.

சுருதியே சேராத பிள்ளைகள் இருப்பார்கள். வகுப்புக்கு நாலைந்து பேர், எந்தப் பாட்டானாலும் ஒரே ஸ்வரத்தில் இழுப்பார்கள். அவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு வருஷம் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், விசைத்தறிக் குடும்பம். தறிச் சத்தத்தில் வளரும் பிள்ளைகள் பேசுவதே உரக்கத்தான் இருக்கும், வீட்டில் அப்படிப் பேசினால்தான் கேட்கும். இவன் பாடினால் கனமான ஒரே சத்தம், பக்கத்தில் இருப்பவர்களும் அவனோடு கீழே இறங்கிவிடுவார்கள். ஒரு நாள் அவனைக் கூப்பிட்டு, "கண்ணு, உங்க தோட்டத்துல மயில் வருமா?" என்றேன். "நெறைய வருதுங்க டீச்சர், கடலைச் செடியெல்லாம் கிண்டிப்போடுதுங்க" என்றான். "அது எப்படிக் கத்தும், கத்திக் காட்டு" என்றதும் ஒரு கத்து கத்தினான் பாருங்கள், கீழேயிருந்து வழுக்கிக்கொண்டு மேல் ஷட்ஜத்தையும் (மேல் ஸ) தாண்டிப் போனது. வகுப்பே சிரித்தது. அவனுக்கே ஆச்சரியம், அப்படி ஒரு குரல் தனக்குள் இருப்பது அவனுக்குத் தெரியாது. திரும்பக் கத்தச் சொன்னேன், பாதியில் கையைக் காட்டி அங்கேயே நிற்கச் சொன்னேன், நின்றான். ஹார்மோனியத்தில் அந்த ஸ்வரத்தைத் தொட்டு அதில் முதல் சொல்லைப் பாட வைத்தேன். பாடினான். அடுத்த வாரம் மறுபடி கீழே போய்விட்டான், மறுபடி மயில். பொங்கல் லீவு முடிந்து வந்தபோது வகுப்போடு சேர்ந்திருந்தான். நாம் அவர்கள் குரல் இருக்கிற இடத்துக்குப் போய் அதே ஸ்வரத்தைப் பாடிக் காட்டி, அங்கிருந்து ஒவ்வொரு படியாக மேலே கூட்டி வர வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காது நன்றாகவே கேட்கிறது, மேல் குரலை எப்படி எடுப்பது என்று யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இதை நான் முதல் வருஷத்திலேயே தெரிந்துகொள்ளவில்லை. முதல் ஆண்டு விழாவில் மூன்று பிள்ளைகளிடம் "நீங்க பாட வேண்டாம், வாயை மட்டும் அசைங்க" என்று சொன்னேன். அப்போது அது எனக்குத் தப்பாகவே படவில்லை. அடுத்த வருஷம் இரண்டாம் வகுப்பு அம்மாக்களை வரச்சொல்லி, வீட்டில் பாடின தாலாட்டு ஏதாவது பாடிக் காட்டுங்கள் என்று கேட்டேன். ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள். ஒரு அம்மா சொன்னார், "எனக்குப் பாட்டெல்லாம் வராதுங்க டீச்சர். நாலாவது படிக்கறப்பவே என்னையப் பாட வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க." அந்த அம்மா தன் குழந்தைக்குத் தாலாட்டே பாடவில்லை என்றார், டேப் ரெக்கார்டரில் போட்டுவிடுவாராம். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் நிறுத்தி வைத்த மூன்று பேரில் ஒரு பெண் அப்போதும் பள்ளியில் இருந்தாள். அவளைத் தேடிப் போய்ப் பாட வைத்தேன். மற்ற இருவரும் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

ஆகவே தம்பி, நீங்கள் தயார் பண்ண வேண்டியது நாலு நல்ல பாடகர்களை அல்ல. அவர்கள் நீங்கள் இல்லாவிட்டாலும் எப்படியாவது வந்துவிடுவார்கள், அவர்கள் அப்பா அம்மா டியூஷனுக்கு அனுப்புவார்கள். மீதி 36 பேருக்கு வாழ்க்கையில் பாட்டு வாத்தியார் என்று நீங்கள் ஒருவர்தான். பாட வராது என்ற எண்ணமில்லாமல் அவர்கள் வெளியே போனால் உங்கள் வேலை நடந்திருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிவெல்லாம் எளிதாகிவிடும்.

காலை அசெம்பிளியை உங்கள் மேடையாக எடுத்துக்கொள்ளுங்கள். 720 பிள்ளைகளும் தினமும் பாடும் ஒரே இடம் அதுதான், பீரியடை யாரும் கேட்டு வாங்கவும் முடியாது. நிறையப் பள்ளிகளில் தமிழ்த்தாய் வாழ்த்தை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள், பிள்ளைகள் சும்மா நிற்கிறார்கள். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையே, பொது நிகழ்ச்சிகளில் இசைத்தட்டைப் போடுவதைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்கிறது. அதைப் பிரின்சிபாலிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், மறுக்க மாட்டார். மோகனம், திஸ்ர நடை, 55 வினாடி என்றும் அதிலேயே இருக்கிறது. மைதானத்தில் 700 பேர் பாடும்போது பின்வரிசைக்குச் சத்தம் தாமதமாகப் போகும், ஒருவருக்கொருவர் காத்திருந்து காத்திருந்து ஒன்றரை நிமிஷத்துக்கு இழுத்துவிடும். முன்னால் நின்று கையால் தாளம் காட்டுங்கள், எல்லாரும் கையைப் பார்த்துப் பாடட்டும். பத்து நாளில் சரியாகும்.

அந்தப் பாட்டின் அர்த்தம் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியாது, சில ஆசிரியர்களுக்கும் தெரியாது. "தக்கசிறு பிறைநுதலும்" என்ற இடத்தை ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு விதமாகக் கடித்துத் துப்புவார்கள். நான் ஆறாம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு பெண்ணை வரைவேன். சுற்றிலும் நீலச் சாக்பீஸில் கடல், அது அவள் சேலை. முகம் பாரத கண்டம். நெற்றி பிறை நிலா மாதிரி, அது தெக்கணம். கடைசியாகச் சிவப்புச் சாக்பீஸை எடுத்து நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, "இது என்ன?" என்பேன். பாட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு யாராவது ஒரு பிள்ளை "நம்மூருங்க டீச்சர்!" என்று கத்தும். திராவிட நாடுதான் அந்தத் திலகம், அதன் வாசனை எல்லாத் திசைக்கும் போகிறது என்று மனோன்மணீயம் சுந்தரனார் எழுதியிருக்கிறார் என்று சொன்னால் போதும், அன்றைக்கு அவர்கள் பாடுவது வேறு மாதிரி இருக்கும். அதற்கு மேல் உச்சரிப்பைத் திருத்த வேண்டியதே இல்லை.

தாளத்துக்கு ஊர்ப்பேரை வைத்துக்கொள்ளுங்கள். "பழனி" என்றால் தகிட. "கொடுமுடி" என்றால் தகதிமி. எல்லாம் குறில், கச்சிதமாக உட்காரும். ஒரு பக்கப் பெஞ்ச் "பழனி பழனி" என்று தட்ட, மறுபக்கம் "கொடுமுடி கொடுமுடி" என்று தட்டினால் மூன்றாக நடக்கும் திஸ்ரமும் நாலாக நடக்கும் சதுஸ்ரமும் தனித்தனியாகக் காதில் விழும். "பழனி கொடுமுடி" என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் மிஸ்ரம், ஏழு. ஒன்பதாம் வகுப்புக்குக் கூட இது பிடிக்கும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தாளம் தனியாகச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், துடும்பு, ஜமாப்பு மேளம் கேட்டு வளர்ந்தவர்கள், நோம்பிக்கு நோம்பி (கோயில் திருவிழாவுக்கு) கம்பத்தைச் சுற்றி ஆடினவர்கள். பல பிள்ளைகள் ராத்திரியில் ஊர்ப் பொதுவிடத்தில் வள்ளி ஒயில் கும்மி பழகுகிறார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன் ஐயாவுக்கு 2024இல் அதற்காகத்தான் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், ஆண்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர். அப்படிப்பட்ட பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது நாம் "ஆதி தாளம் என்றால் எட்டு எண்ணிக்கை" என்று போர்டில் எழுதிப் போட்டுக்கொண்டிருப்போம்.

வீட்டுப்பாடமாக, "உங்க அப்பத்தாகிட்டயோ அம்மிச்சிகிட்டயோ ஒரு பாட்டு கேட்டுட்டு வாங்க" என்று சொல்லுங்கள். முதல் வாரம் ஒருவரும் கொண்டு வர மாட்டார்கள், இரண்டாம் வாரம் மூன்று பேர் வருவார்கள், அப்புறம் நிற்காது. தாலாட்டு, கும்மி, மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைக்கும்போது பாடினது, என்னென்னவோ வரும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: சாதிப் பெருமை பேசுகிற வரி எந்தப் பாட்டிலிருந்தாலும் பள்ளிக்குள் வர விடாதீர்கள், அது எவ்வளவு நல்ல மெட்டாக இருந்தாலும் சரி.

இந்த விஷயத்தில் நிதானம் வேண்டும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன் டெஸ்க்கில் விரலால் ஒரு அடி தட்டிக்கொண்டிருந்தான், அவ்வளவு சுத்தமாக. "எங்கே சாமி கத்துக்கிட்ட?" என்றால், "சும்மாங்க டீச்சர்" என்று கையை மடியில் வைத்துக்கொண்டான். அவன் அப்பாரு, அதாவது தாத்தா, பறை அடிப்பவர் என்று பிறகு தெரிந்தது. அவரை வகுப்புக்குக் கூப்பிடலாமா என்று பையனிடமே தனியாகக் கேட்டேன். "வேண்டாங்க டீச்சர்" என்றான், தலையை நிமிர்த்தவில்லை. ஏன் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். விட்டுவிட்டேன். ஆனால் அந்த அடியை நான் கற்றுக்கொண்டு வகுப்பு முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன், யாருடையது என்று சொல்லவில்லை. நாற்பது பேரும் டெஸ்க்கில் தட்டும்போது அவன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான், யாராவது தப்பாகத் தட்டினால் முகம் சுளிப்பான். அடுத்த வருஷம் விளையாட்டு விழாவுக்கு அவனாகவே பறையை எடுத்துக்கொண்டு வந்தான். மைதானத்துக்குப் பின்னால் சோளத்தட்டைப் பற்ற வைத்துத் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தான், விரலால் சுண்டிச் சுண்டிச் சத்தம் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. அவனைச் சுற்றிப் பத்துப் பையன்கள் உட்கார்ந்து, எவ்வளவு சூடு வேண்டும், தோல் கருகிவிடாதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவன்தான் அவர்களுக்கு வாத்தியார். நான் முந்தின வருஷமே அவசரப்பட்டு அவனை எழுப்பி நிறுத்தியிருந்தால் இது நடந்திருக்காது.

திருப்பூர், பல்லடம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பனியன் கம்பெனிக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களுக்குத் தமிழ் பேச வருவதற்கு முன்னால் பாட வந்துவிடும். அவர்கள் பாட்டில் ஒன்றையும் வகுப்புக்குச் சொல்லிக் கொடுங்கள்.

சரி, தொண்டை. நாற்பது பேர் சத்தத்துக்கு மேலே கத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். கத்திக் கத்திக் குரல்நாணில் காய்ப்பு விழுந்தால் பேச்சே கரகரப்பாகிவிடும், பாடுகிறவருக்கு அது பெரிய நஷ்டம். அமைதி வேண்டுமென்றால் ஒரு தாளம் தட்டுங்கள், அவர்கள் அதையே திருப்பித் தட்ட வேண்டும். இரண்டு மூன்று தடவையில் எல்லார் கையும் வந்துவிடும், கை வந்தால் வாய் நின்றுவிடும். வகுப்புக்குள் நுழையும்போது "குட் மார்னிங்" முடிந்ததும் அறிவுரை எதுவும் சொல்லாமல் நேரே பாட ஆரம்பியுங்கள். தண்ணீர் பாட்டிலைக் கூடவே வைத்துக்கொண்டு அடிக்கடி இரண்டு மடக்குக் குடியுங்கள். இடுப்பில் மாட்டும் சின்ன மைக் வாங்கிக்கொண்டால் நல்லது, வரலாறு டீச்சர் கூட இப்போது வைத்திருக்கிறார். தொண்டையைச் செருமுவதும் கிசுகிசுப்பதும் ஓய்வு ஆகாது, சும்மா இருப்பதுதான் ஓய்வு. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் கஷாயத்தோடு நிறுத்தாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்க் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடைகிற காலம். முடிவில் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கி நிற்கும், நடுவில் எங்கே வழுக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. பெண் பிள்ளைகள் முன்னால் குரல் கீச்சென்று போனால் செத்தாலும் திரும்ப வாயைத் திறக்க மாட்டார்கள். இது எல்லாருக்கும் வருவது, எனக்கும் வந்தது என்று நீங்கள் சொல்லலாம், இந்த இடத்தில் நீங்கள் ஆண் என்பது பெரிய உதவி. அவர்களுக்கு நாலைந்து ஸ்வரத்துக்குள் அடங்கும் வரிகளைக் கீழ் ஸ்தாயியில் கொடுங்கள், இல்லையென்றால் தாளத்தைக் கொடுங்கள். தனியாகப் பாடச் சொல்லவே வேண்டாம்.

பீரியட் போவதைப் பற்றி. சண்டை போடாதீர்கள், ஆனால் சும்மாவும் கொடுத்துவிடாதீர்கள். "எடுத்துக்கங்க மிஸ், அடுத்த வாரம் உங்க பீரியட்ல இருபது நிமிஷம் கொடுங்க" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். பாதித் தடவை கிடைக்கும். பி.டி. சாரைக் கட்டாயம் நண்பராக்கிக்கொள்ளுங்கள், மைதானமும் மைக்கும் அவர் கையில் இருக்கிறது, அவர் பீரியடும் உங்கள் பீரியட் மாதிரியே பறிபோகிறது.

ஆண்டு விழா. பிரின்சிபால் கேட்கிற பிரமாதம் பெற்றோருக்காக, அது தப்பில்லை, தன் பிள்ளை மேடையில் நிற்பதைப் பார்க்கத்தான் காங்கயத்திலிருந்தும் மூலனூரிலிருந்தும் வேலையை விட்டு வருகிறார்கள். அப்படியென்றால் நிறையப் பிள்ளைகளை ஏற்றுவதுதான் பிரமாதம். நாலாம், ஐந்தாம் வகுப்பு முழுக்க மேடையில் நிறுத்தி, வகுப்பில் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த இரண்டு பாட்டு. பதிவு செய்த டிராக் வேண்டாம், ஹார்மோனியமும் ஒரு தாளக் கருவியும் போதும். ஒரு வரியை எல்லாரும், அடுத்த வரியைப் பாதிப் பேர் என்று பிரித்தாலே கேட்க நன்றாக இருக்கும். மைக்கை ஒரு பிள்ளையின் வாயருகே வைக்காமல் இரண்டு மைக்கை ஆளுயரத்துக்கு மேலே தூக்கி, கொஞ்சம் தள்ளி வையுங்கள். சினிமாப் பாட்டு கேட்டால் மறுக்க வேண்டாம், சொல் நன்றாக இருந்து மெட்டு குழந்தை குரலுக்குள் அடங்கினால் அதுவும் பாட்டுதான். நம் ஊர்க்காரர்கள் பாட்டில் ஒன்றும் வையுங்கள். மொடக்குறிச்சி பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே கீர்த்தனை எழுதினவர், கச்சேரி மேடைகளில் இன்றும் பாடுகிறார்கள். அவர் பிறந்த அதே 1908இல்தான் கொடுமுடியில் கே.பி. சுந்தராம்பாள் அம்மாவும் பிறந்தார். இதைப் பாட்டுக்கு முன்னால் ஒரு பிள்ளையை மைக்கில் சொல்ல வையுங்கள்.

படிப்பு விஷயம் சுருக்கமாக. அரசுப் பள்ளிச் சிறப்பாசிரியர் வேலைக்கு எப்போதாவது அறிவிப்பு வரும், அடிக்கடி வராது. இசையில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வு மேல்நிலையும் தொழிலாசிரியர் பயிற்சிச் சான்றிதழும் கையில் இல்லாவிட்டால் இந்த இரண்டு வருஷத்துக்குள் முடித்து வைத்துக்கொள்ளுங்கள், அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் இருக்காது. 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியராகச் சேர்ந்த எத்தனையோ பாட்டு டீச்சர்கள் வருஷக்கணக்காக நிரந்தரத்துக்குக் காத்திருக்கிறார்கள், அவர்கள் பட்ட பாட்டைக் கிட்டத்திலிருந்து பார்த்தவள் நான். அதனால் அதையே நம்பி உட்கார வேண்டாம் என்றும் சொல்வேன். சாயந்தரம் நாலைந்து பேருக்கு வீட்டில் சொல்லிக் கொடுப்பதில் தப்பில்லை, சம்பளத்துக்கும் ஆகும், உங்கள் சரளி வரிசைக்கும் அங்கே இடம் இருக்கும். உங்கள் சொந்தச் சாதகத்தைக் காலையில் பள்ளிக்குப் போவதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், சாயந்தரத்தில் குரல் மிச்சம் இருக்காது.

தொடரலாமா என்று கேட்டீர்கள். இப்போது முடிவு எடுக்காதீர்கள், ஏப்ரல் வரைக்கும் இருங்கள். ஒரே ஒரு வகுப்பை மட்டும், மூன்றாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் சொன்ன மாதிரி நடத்திப் பாருங்கள், மற்றதை இப்போது போலவே ஓட்டுங்கள், ஒரே நேரத்தில் 18 செக்‌ஷனையும் மாற்றப் போனால் ஒன்றும் ஆகாது. முழு ஆண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம் அந்த வகுப்புக்குள் போய் சுருதி போடாமல், ஒன்றும் சொல்லாமல் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அவர்களாகவே ஒரு பாட்டை ஆரம்பித்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த வருஷத்துக்கான பாட்டுப் பட்டியலை நாம் சேர்ந்து போடலாம். ஆரம்பிக்காவிட்டாலும் எழுதுங்கள், எங்கே தடைப்பட்டது என்று பார்ப்போம்.